டொக்டர் இன்னும் பெயர் எழுதவில்லை

என் கிளினிக் கொப்பியில் நோயின் பெயர் எழுதும் இடத்தில் முதலில் ஒரு கேள்விக்குறி இருக்கிறது. அதற்குப் பிறகுதான் பைபோலர் என்பதன் ஆங்கிலச் சுருக்கெழுத்து, மனநிலை ஒரு காலம் மிக மேலே ஏறியும் ஒரு காலம் மிகக் கீழே இறங்கியும் போகும் நோய் அது. பல மாதங்களாக அந்தக் கேள்விக்குறியை யாரும் வெட்டவும் இல்லை, உறுதியாக்கவும் இல்லை. ஒவ்வொரு தடவையும் டொக்டர் பழைய பக்கங்களைப் புரட்டுவார், நான் கொண்டுபோன குறிப்புகளை வாசிப்பார், "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்பார். நான் வெள்ளவத்தைக்கு பஸ் ஏறிவிடுவேன்.

இந்தக் "கொஞ்சம் பார்ப்போம்" காலத்தை எப்படிக் கடப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. நோய் உறுதியானவர்களுக்கு வாசிக்க நிறைய இருக்கிறது. நோய் இல்லை என்று அனுப்பப்பட்டவர்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். நடுவில் நிற்பவர்கள் வாசிக்கத் தமிழில் நான் தேடியபோது அதிகம் கிடைக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நான் மருத்துவம் படித்தவள் இல்லை, கொழும்பில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை செய்பவள். என் மருந்து இன்னொருவருக்குப் பொருந்தாது. ஆனால் இந்தக் காத்திருப்பு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

கேள்விக்குறி ஏன் அங்கே இருக்கிறது என்பதை முதலில் சொல்கிறேன்.

போன வருடம் நான் படுக்கையை விட்டு எழும்ப முடியாமல் கிடந்தேன். கவலை என்றுகூடச் சொல்ல முடியாது, கவலைப்படவும் தெம்பு வேண்டும். பல் தீட்டக் குளியலறை வரைக்கும் போவதே ஒரு நாளின் வேலையாக இருந்தது. அம்மா தேத்தண்ணி வைத்துவிட்டுப் போவார், அது ஆறி ஆடை படியும் வரைக்கும் கை போகாது. வீட்டுக்குக் கிட்ட உள்ள ஒரு டொக்டர் மனச்சோர்வுக்குக் குளிசை தந்தார். இதற்கு முன்னர் எப்போதாவது நித்திரையே தேவைப்படாமல் உற்சாகமாகத் திரிந்த காலம் இருந்ததா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பைபோலர் உள்ளவர்களில் பலர் சோர்ந்து கிடக்கும் காலத்தில்தான் முதலில் டொக்டரிடம் போகிறார்கள். அப்போது மனச்சோர்வுக் குளிசையை மட்டும் தனியாகக் கொடுத்தால் சிலரை அது மறுபக்கம் தூக்கிவிடும்.

என்னைத் தூக்கியது. சில வாரங்களில் எழும்பினேன், பிறகு படுக்கவே தோன்றவில்லை. இரவு பன்னிரண்டுக்குப் படுத்து மூன்று மணிக்கு விழிப்பேன், உடம்பில் அலுப்பே இருக்காது. விடிய முன்னரே மரைன் டிரைவ் வழியாகப் பம்பலப்பிட்டி வரைக்கும் நடப்பேன். அலுவலகத்தில் மூன்று பேருடைய மாதக்கடைசி வேலையை நானே இழுத்துப் போட்டுச் செய்தேன், பிழையில்லாமல் செய்தேன். மச்சாள்மாருக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் உடுப்பு வாங்கிக் குவித்தேன். ஆட்கள் வாய் திறக்க முன்னரே அவர்கள் சொல்லப்போவது எனக்குத் தெரிந்துவிட்டது போல இருந்தது. குளிசையை நிறுத்தினார்கள். அந்த வேகம் மெல்ல மெல்ல இறங்கியது.

அந்த "மெல்ல மெல்ல" என்பதில்தான் சிக்கல். அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட, மனநோய்களை இனங்காணும் கையேட்டின் ஐந்தாம் பதிப்பின்படி, ஹைப்போமேனியா எனப்படும் மிதமான எழுச்சி தொடர்ந்து 4 நாளாவது இருக்க வேண்டும். முழு மேனியா என்றால் 7 நாள், ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தால் நாள் கணக்கே இல்லை. நாள் கணக்கை நான் தாண்டிவிட்டேன். ஆனால் மனச்சோர்வுக் குளிசையால் கிளம்பிய எழுச்சியை நோயின் கணக்கில் சேர்ப்பதென்றால், அந்தக் குளிசையின் வேலை உடம்பில் முடிந்த பிறகும் அது முழு அளவில் நீடித்திருக்க வேண்டும் என்றும் அதே கையேடு சொல்கிறது. என்னுடையது நீடித்ததா, குளிசையோடு சேர்ந்து அடங்கியதா? அப்போது யாரும் திகதி குறித்து வைக்கவில்லை.

இரத்தம் எடுத்தார்கள். தைராய்டு கூடினாலும் ஒருவர் பறக்கலாம், குறைந்தாலும் ஒருவர் முடங்கலாம் என்பதால் அதைப் பார்ப்பது வழக்கம். என்னுடையது சரியாக இருந்தது. அதற்கு மேல் பார்க்க இரத்தத்தில் ஒன்றும் இல்லை. பைபோலரைக் காட்டும் பரிசோதனையும் இல்லை, ஸ்கேனும் இல்லை. உலக சுகாதார அமைப்பின் கணக்கில் 2019இல் உலகம் முழுவதும் ஏறத்தாழ 4 கோடிப் பேருக்கு இந்த நோய் இருந்தது. அத்தனை பேரையும் ஒரு டொக்டர் கதை கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். முதல் அறிகுறிக்கும் சரியான பெயருக்கும் இடையில் பல ஆண்டுகள் போவது சாதாரணம் என்று வாசித்தபோது எனக்கு அழுகை வந்தது. பிறகு அதே தகவல் ஒரு மாதிரி ஆறுதலாகவும் இருந்தது. எனக்கு மட்டும் இழுபடவில்லை.

இந்த நோய்க்கு முதலில் எப்படி ஓர் உருவம் கிடைத்தது என்று தேடிப் பார்த்தேன். ஜேர்மன் மருத்துவரான எமில் கிரெப்பலின் நோயாளி ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை போட்டு, அவர்கள் எப்படி வந்தார்கள், எப்படிப் போனார்கள், திரும்பி வந்தார்களா என்று ஆண்டுக்கணக்காகக் குறித்துவந்தார். ஒரு நாளில் தெரியும் அறிகுறியை மட்டும் நம்பவில்லை, நோய் காலப்போக்கில் நடக்கும் பாதையைப் பார்த்தார். 1899இல் வந்த தன் பாடநூலின் ஆறாம் பதிப்பில், ஏறுவதும் இறங்குவதும் இடையில் தெளிவதுமான நிலைகளை ஒரே நோயாக எழுதினார். இதை வாசித்த பிறகு என் டொக்டரின் "பார்ப்போம்" மீது எனக்கு மரியாதை வந்தது. இந்த நோயைப் பொறுத்தவரை பார்த்துக்கொண்டிருப்பதும் பரிசோதனைதான்.

ஆனால் யார் பார்ப்பது, எந்த மொழியில் சொல்வது? கொழும்பில் தமிழ் ஆட்களுக்கு இது பெரிய பிரச்சினை, யாரும் அதிகம் கதைக்காத பிரச்சினை.

என் டொக்டர் சிங்களவர். அவசரப்படாத நல்ல மனிதர். நானும் அவரும் ஆங்கிலத்தில் கதைக்கிறோம். அம்மாவுக்கு ஆங்கிலம் குறைவு, சிங்களம் மீன்காரரோடு விலை பேசும் அளவுக்குத்தான். இரண்டாவது சந்திப்பில் டொக்டர் அம்மாவைக் காட்டி, அந்த நாட்களில் மகளைப் பார்க்க எப்படி இருந்தது என்று கேட்கச் சொன்னார். நான் தமிழில் கேட்டேன். அம்மா மடியில் இருந்த கைப்பையின் வாரைச் சுருட்டியபடி என்னைப் பார்த்தே சொன்னார்: "நீ என்னைக் கதைக்க விடேல்லை பிள்ளை. ராவிலை லைட்டைப் போட்டு வைச்சிருந்தனீ. ஒருநாள் நான் கதவைப் பூட்டிப் போட்டுப் படுத்தனான். எனக்குப் பயமா இருந்தது. எண்டாலும் எழும்பித் திரியுறாய் எண்டு மயூரபதி அம்மனுக்கு நேர்த்தி வைச்சனான்."

இதை நானே ஆங்கிலத்தில் டொக்டருக்குச் சொல்ல வேண்டும். என்னைப் பற்றி, என் அம்மா, எனக்குப் பயந்து சொன்னதை. முதல் இரண்டு வசனமும் வந்தன. கதவு பூட்டிய இடத்தில் என் குரல் நின்றுவிட்டது. டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். நோயாளியைப் பற்றிய சாட்சியை நோயாளியின் வாயாலேயே வாங்குவது உங்களுக்கும் நியாயமில்லை, எனக்கும் உதவாது, அடுத்த முறை ஆங்கிலமோ சிங்களமோ தெரிந்த வேறொருவரைக் கூட்டிவாருங்கள் என்றார்.

ரொறொன்ரோவில் இருக்கும் அக்கா அடுத்த முறை வட்ஸ்அப்பில் வந்தார். அங்கே நடுச்சாமம். அக்கா சொன்ன முதல் விஷயமே டொக்டரை நிமிர்ந்து உட்கார வைத்தது: நான் அந்த நாட்களில் அனுப்பிய குரல்பதிவுகள் எல்லாம் அவரிடம் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றிலும் திகதியும் நேரமும் இருந்தது. கொழும்பு நேரம் அதிகாலை மூன்று, மூன்றேகால், நாலு. யாரும் திகதி குறிக்கவில்லை என்று நினைத்த இடத்தில் போன் குறித்து வைத்திருந்தது. குளிசை நிறுத்திய பிறகும் அந்தப் பதிவுகள் தொடர்கின்றன, ஆனால் போகப் போக நீளம் குறைகிறது, குரலும் ஆறுகிறது. முழு அளவில் நீடித்ததா என்ற கேள்விக்கு அது பாதிப் பதில். டொக்டர் அதையும் எழுதிக்கொண்டார், கேள்விக்குறியை அழிக்கவில்லை. உங்களுக்கும் இப்படி ஒரு சந்தேகம் இருந்தால் பழைய குறுஞ்செய்திகளை அழித்துவிடாதீர்கள். வங்கிக் கணக்கு விபரத்தையும் எடுத்துப் பாருங்கள். நினைவு மறந்துவிடும் திகதிகள் அங்கே இருக்கும்.

குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்பது எல்லா டொக்டர்மாரும் கேட்கும் கேள்வி. பெற்றோருக்கோ சகோதரருக்கோ இந்த நோய் இருந்தால் ஒருவருக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு கூட. எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி வைக்க இடமில்லாத பாரம். அம்மாவின் தம்பி, எங்கள் சின்ன மாமா, யாழ்ப்பாணத்தில் "ஒரு மாதிரி" இருந்தார் என்று மட்டும் சிறு வயதில் கேட்டிருக்கிறேன். ஒருநாள் அம்மா முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தபோது கேட்டேன். "அவனுக்கு இடம்பெயர்ந்த பிறகுதான் அப்பிடி" என்றார். 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்த அந்த இடம்பெயர்வு. அதற்கு முன்னர் மாமா எப்படி என்று கேட்டால், 83 கலவரத்தில் கொழும்பில் கடையை இழந்த பிறகு அவர் நித்திரை கொண்டதே இல்லை என்கிறார்.

எங்கள் வீடுகளில் ஒவ்வொரு மனிதரின் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு திகதி ஆயத்தமாக இருக்கிறது: 83, 95, 2009. அந்தத் திகதிகள் உண்மை. அந்தத் துன்பங்களும் உண்மை, அவை ஆட்களை உடைத்தன. ஆனால் அதனாலேயே, யுத்தம் இல்லாவிட்டாலும் வந்திருக்கக்கூடிய ஒரு நோயை நாங்கள் யுத்தத்தின் கணக்கில் எழுதிவிட்டு அடுத்த தலைமுறைக்குச் சொல்லாமல் விட்டிருக்கிறோமோ என்று நினைக்கிறேன். மாமாவை அங்கொடைக்குக் கொண்டுபோனார்கள் என்று அம்மா முருங்கையிலைக் காம்பைக் கிள்ளியபடி சொன்னது எனக்குப் புதுச் செய்தி. இவ்வளவு காலமும் அதைச் சொல்லாமல் இருந்தது வெட்கத்தால் என்பதைவிட என்னைக் காப்பதற்காக என்றுதான் எனக்குப் பட்டது. அங்கே இப்போது இருப்பது தேசிய மனநல நிறுவனம், நாட்டின் பெரிய மனநல ஆஸ்பத்திரி, அரசாங்கச் சிகிச்சை இலவசம். ஆனாலும் எங்கள் ஆட்கள் அந்த ஊரின் பெயரை இன்னும் திட்டுவதற்குத்தான் எடுக்கிறார்கள்.

இனி, இந்த மாதங்களில் என்னை உண்மையாகவே வாட்டியதைச் சொல்கிறேன். சோர்வைவிட, கிளினிக் வரிசையைவிட அது கொடுமை. சந்தோசமாக இருக்கப் பயம்.

ஆனி மாதம் யாழ்ப்பாணத்தில் இருந்து தெரிந்தவர் ஒருவர் ஒரு பெட்டி கறுத்தக்கொழும்பான் மாம்பழம் அனுப்பியிருந்தார். வீடு முழுக்க வாசம். நான் பாடிக்கொண்டே வெட்டினேன், மாடியில் உள்ள ஆச்சிக்கு ஒரு தட்டு கொண்டுபோய்க் கொடுத்துக் கதைத்துச் சிரித்துவிட்டு வந்தேன். கதவடியில் அம்மா நின்றார். "ராத்திரி நித்திரை கொண்டனீயா?" என்று கேட்டார். அவ்வளவுதான், கையில் இருந்த மாம்பழத்தின் ருசி போய்விட்டது. அறைக்குள் போய் என் நாடியை நானே பார்த்தேன். வேகமாகக் கதைத்தேனா? ஆச்சியைக் கதைக்க விட்டேனா? மாடிக்குப் போகத் தோன்றியதே ஓர் அறிகுறியா? அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன், கதவைப் பூட்டிவிட்டுப் படுத்த தாய் அவர். ஆனால் அன்றிலிருந்து சில வாரங்கள் நான் ஒரு சிரிப்பையும் சும்மா சிரிக்கவில்லை. நல்ல நாள் வந்தால் பயம், கெட்ட நாள் வந்தால் "ஆ, தொடங்கிவிட்டது" என்ற நினைப்பு. சும்மா ஒரு நாள் என்று ஒன்று மிஞ்சவே இல்லை.

இதை டொக்டரிடம் சொன்னேன். அவர் சொன்னதுதான் இந்தக் காலம் முழுவதும் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி: சந்தோசத்தை அளக்க வேண்டாம், நித்திரையை அளந்து பாருங்கள். மாம்பழம் வந்ததால் வந்த சந்தோசம் இரவு பத்து மணிக்கு உங்களைப் படுக்க விட்டால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். மூன்று மணி நேரம்தான் நித்திரை, காலையில் களைப்பு என்றால் அது நித்திரைக் குறைவு. மூன்று மணி நேர நித்திரை, களைப்பே இல்லை, அடுத்த நாளும் அப்படியே என்றால் எனக்குப் போன் பண்ணுங்கள்.

நான் இப்போது இதை விடாமல் பிடித்திருக்கிறேன். பெயர் வரவில்லை என்பதற்காக என் மகிழ்ச்சியை விசாரணைக் கூண்டில் ஏற்ற மாட்டேன். விசாரிக்க வேறு விஷயங்கள் இருக்கின்றன. ஒரு சீ.ஆர். கொப்பியில் கோடு கீறி வைத்திருக்கிறேன், கணக்கு எழுதும் கைக்கு அது பழக்கம்தான். படுத்த நேரம், எழும்பிய நேரம், எழும்பியபோது அலுப்பு இருந்ததா, மருந்து எடுத்தேனா, வழக்கத்துக்கு மேல் செலவு, மாதவிலக்கு. மனநிலைக்குக் கீழே மூன்றில் இருந்து மேலே மூன்று வரை ஓர் எண், நடுவில் பூச்சியம். கடைசிக் கட்டத்தை அம்மா நிரப்புகிறார், பென்சிலால் ஒரு சரி அல்லது ஒரு புள்ளி. புள்ளி என்றால் "இண்டைக்கு என்னைக் கதைக்க விடேல்லை". அம்மாவின் பயத்துக்கும் அந்தக் கட்டம் ஓர் இடம் கொடுத்திருக்கிறது. இப்போது கதவடியில் நின்று என்னைக் கேட்பதில்லை.

பெரிய பொருள் எதையும் வாங்க நினைத்தால் இரண்டு இரவு நித்திரை கொண்டு எழும்பிய பிறகுதான் வாங்குகிறேன். இரவில் குறைந்த அளவில் குவெட்டியாபின் எடுக்கிறேன். சோர்வுக்கும் எழுச்சிக்கும் இரண்டுக்குமே பாவிக்கும் மருந்து என்பதால் பெயர் முடிவாகும் முன்னரே தரலாம் என்று டொக்டர் விளக்கினார். பெயர் வந்த பிறகுதான் சிகிச்சை என்று நினைத்துக் கிளினிக்கை விடுகிறவர்களுக்கு இதை முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். சிகிச்சை தொடங்கிவிடும். பெயர் பின்னால் வரட்டும்.

மாசி மாதம் சிவராத்திரி வந்தது. எங்கள் வீட்டில் நான்கு சாமமும் விழித்திருப்பது வழக்கம். ஓர் இரவு நித்திரை முறிவதே சிலருக்கு எழுச்சியைக் கிளப்பிவிடும் என்று தெரிந்த பிறகு அதை நான் செய்ய மாட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அழுவார் என்று நினைத்தேன். "முதல் சாமப் பூசையைப் பாத்திட்டு நீ படு, மிச்சத்தை உனக்கும் சேத்து நான் முழிக்கிறன்" என்றார். அவருக்கு இது ஏழரைச் சனி. எனக்கு மூளையும் நித்திரையும் சம்பந்தப்பட்ட ஒன்று. இரண்டு பேரும் ஒரே பிள்ளையைத்தான் காப்பாற்றுகிறோம், அதில் சண்டை பிடிக்க எனக்கு ஒன்றும் இல்லை.

கலியாணப் பேச்சைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும், வயது முப்பதைத் தாண்டிய தமிழ்ப் பெண்ணுக்கு அது தானாக வரும். பெயர்தான் இன்னும் வரவில்லையே, அதற்குள் முடித்துவிடலாம் என்று உறவினர் ஒருவர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். நான் மறுத்துவிட்டேன். கேள்விக்குறியை மறைத்து ஒரு வீட்டுக்குள் போக என்னால் முடியாது. அதோடு இது வெறும் நேர்மைப் பிரச்சினை மட்டும் இல்லை. பைபோலர் உறுதியானால் எந்த மருந்து என்ற பேச்சு வரும். வல்ப்ரோயேட் என்ற மருந்தைக் கர்ப்ப காலத்தில் எடுத்தால் பிள்ளையைக் கடுமையாகப் பாதிக்கும், அதனால் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு அதைத் தவிர்க்கவே பார்ப்பார்கள். லித்தியம் என்றால் இரத்தத்தில் அதன் அளவை ஒழுங்காகப் பார்க்க வேண்டும், சிறுநீரகமும் தைராய்டும் பார்க்க வேண்டும், தண்ணீர் குடிக்காமல் கந்தசஷ்டி பிடிப்பதுகூட ஆபத்தாகலாம். இதையெல்லாம் பக்கத்தில் இருந்து கேட்க விரும்பும் ஒருவரோடுதான் நான் வாழ முடியும்.

ஒன்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் விட மாட்டேன். கிடந்த காலத்தில் உயிரோடு இருப்பதே வேண்டாம் என்ற நினைவு வந்தது. அதை அக்காவிடம் சொன்னேன், அக்கா அன்றைக்கே அம்மாவுக்குச் சொன்னார், குளிசைப் பெட்டி அம்மாவின் அலுமாரிக்குப் போனது. பெயர் உறுதியாகவில்லை என்பதால் இந்த ஆபத்து குறைந்துவிடாது. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். கிளினிக் திகதி வரைக்கும் பொறுக்கத் தேவையில்லை, கிட்ட உள்ள அரசாங்க ஆஸ்பத்திரிக்கு நேரே போகலாம்.

அடுத்த சந்திப்புக்கு முன்னர் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. சின்ன மாமா இப்போது இல்லை, மாமி வவுனியாவில் இருக்கிறார். அம்மா அவரோடு போனில் கதைத்து, நான் வந்து கேட்கப்போகிறேன் என்று சொல்லிவைத்திருக்கிறார். 95க்கு முன்னரும் மாமா நித்திரையில்லாமல் களைப்பின்றித் திரிந்த காலம் உண்டா என்று கேட்க வேண்டும். இடையில் பழைய மனிதராகத் திரும்பி வந்து கடைக்குப் போன மாதங்கள் உண்டா என்று கேட்க வேண்டும். அங்கொடையில் இருந்து வந்த பிறகு மாமாவுக்கு அடிக்கடி இரத்தம் எடுத்தார்களாம் என்று அம்மா ஒரு பேச்சில் சொன்னார். இரத்தம் எடுத்துப் பார்த்துக் கொடுக்கும் குளிசை என்றால் அது லித்தியமாக இருக்கலாம். லித்தியம் நன்றாக வேலை செய்தவரின் இரத்த உறவுகளுக்கும் அது வேலை செய்யும் வாய்ப்பு கூட என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். மாமியின் பழைய ட்ரங்குப் பெட்டியில் மாமாவின் கிளினிக் அட்டை இன்னும் கிடக்கிறதாம். அதைப் படம் எடுத்துக்கொண்டு வரப்போகிறேன்.